ஆட்டம் காணும் மேடை

மைக் அக்காவுக்கு உண்மையில் மைக்கே தேவையில்லை. இருந்தாலும் கிளப் கொடுத்த சின்ன ஸ்பீக்கரை இடுப்பில் கட்டிக்கொண்டு, மைக்கைக் கன்னத்தோரம் மாட்டிக்கொண்டுதான் வேலைக்கு நிற்பார். பாதி நாள் அதில் சார்ஜ் இருக்காது. யாரும் கண்டுபிடித்ததில்லை, தொண்டை அப்படி. எங்கள் கால்பந்து மைதானத்தின் உட்புறத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டுவது அவர் வேலை. அவர்களுக்கு டிக்கெட் கொடுப்பது என் வேலை. கிழக்கு கேலரிக்கு நேர் அடியில், மாடிப்படி வளைகிற இடத்தில், பொந்து மாதிரி ஒரு கவுண்டர், அதற்குள் நான். ஒரு பந்துக்காக இத்தனை பேர் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்கும் விளங்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆனால் அவர் பேசினால் நம்பத் தோன்றும்.

முதலில் அவர் இங்கே துணி துவைக்கிற பகுதியில் இருந்தவர். கணவர் வெளியூர் வேலைக்குப் போனவர் போனவர்தான். ஒரு பெண் குழந்தையோடு அக்கா வீரர்களின் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டுக் காலம் தள்ளினார். ஒருநாள் சுற்றிக் காட்டுகிற ஆள் வரவில்லை. வாசலில் ஒரு கூட்டம் காத்திருந்து கத்தத் தொடங்கியது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வாங்க, நான் காட்டுறேன்" என்று கிளம்பியவர்தான். அதன் பிறகு துவைக்கிற பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அவரோடு ஒரு சுற்று போய் வந்தால் பொழுது போவதே தெரியாது. பத்திரிகையாளர் அறையில் யாரையாவது பயிற்சியாளர் நாற்காலியில் உட்காரவைத்து, "ஏன் சார் இப்படித் தோத்தீங்க? வெக்கமா இல்லையா?" என்று கேட்பார். உடை மாற்றும் அறையில் தைல வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து அடிக்கும். அங்கே ஒரு கழிப்பறைக் கதவைக் காட்டி, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் கேப்டன் வாந்தி எடுப்பது இங்கேதான் என்பார். ஜனங்கள் கேப்டனின் சட்டையை விட்டுவிட்டு அந்தக் கதவோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எதிரணி அறைக்குப் போனால், அவர்களை எரிச்சலூட்டவே சட்டைக் கொக்கிகள் தாழ்வாக அடிக்கப்பட்டிருப்பதைக் காட்டுவார். பிறகு வீரர்கள் மைதானத்துக்குள் நுழைகிற டனல். பதிவுசெய்த ரசிகர் கூச்சலை அவர் போட்டுவிட, எல்லோரும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடந்து காலி மைதானத்தைப் பார்த்து நிற்பார்கள். தினம் யாராவது ஒருவர் அழுவார்.

கடைசி இடம்தான் அவர் சொந்தக் கற்பனை. கிழக்கு கேலரியின் மேல்தளம். எல்லோரையும் நடுவில் நெருக்கமாக நிறுத்திவைத்து, தன்னோடு சேர்ந்து குதிக்கச் சொல்வார். தளம் காலடியில் மெல்லக் குலுங்கும். பெண்கள் வீல் என்று கத்திச் சிரிப்பார்கள், ஆண்கள் இன்னொரு தடவை என்பார்கள். ஆட்டத்தன்று இங்கே நிற்கிற ரசிகர் கூட்டம் டிரம் அடிக்கு மொத்தமாகக் குதிக்கும்போது கட்டடமே அவர்களோடு சேர்ந்து ஆடும், அதுதான் நம்ம ஆட்டம் என்று அக்கா முடிப்பார். அது ஊரெல்லாம் பேசப்பட்டது. மேனேஜர் பூரித்துப்போய் அந்த இடத்துக்குப் பெயர் வைத்து, பெரிய போர்டு மாட்டினார்: ஆட்டம் காணும் மேடை. ஒரு கட்டடம் ஆட்டம் கண்டுவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று மொழி தெரிந்த எவருக்கும் தெரியும். போர்டு எழுதியவர், மாட்டியவர், கைதட்டியவர்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. நல்ல சிலேடை என்று நானும்தான் ரசித்தேன்.

அந்த மனிதர் வரத் தொடங்கியது அதன் பிறகுதான். ஒல்லியான உடம்பு, தோளில் ஒரு கறுப்புப் பை. போட்டோ எடுக்கமாட்டார். கேப்டன் சட்டையைக் காட்டினால் கூரையைப் பார்ப்பார். எல்லோரும் குதிக்கும்போது அவர் மட்டும் ஓர் ஓரமாகக் குந்தி, பையைத் தரையில் வைத்து, அதற்குள் கையை விட்டபடி இருப்பார். மறுபடி வந்தார். மறுபடியும் வந்தார். ஒரே இடத்தைக் காசு கொடுத்து இத்தனை தடவை எவன் பார்ப்பான் என்று அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. ஆள் திருடனாக இருக்கவேண்டும், இல்லையென்றால் அதைவிட மோசமான காரியத்துக்கு இடம் பார்க்கிறவனாக இருக்கவேண்டும் என்று என்னிடம் சொன்னார். அன்றே மைதானக் காவலர்களிடமும் சொல்லிவிட்டார்.

அடுத்த முறை அவர் வந்தபோது பையைப் பிடுங்கிப் பார்த்தார்கள். உள்ளே வயர் வைத்த ஒரு பெட்டி. சத்தம் போட்டு, தள்ளி, சட்டைக் காலரைப் பிடித்து ஏக ரகளை. மேனேஜர் ஓடி வந்தார். அந்த மனிதர் தன் அடையாள அட்டையை நீட்டினார். அதைப் பார்த்ததும் மேனேஜரின் முகம் ஒரு கணம் செத்துப்போனதை நான் கவுண்டரிலிருந்து பார்த்தேன். ஆனால் அவர் எதையும் கேட்கவில்லை. வெளியே தள்ளச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். அந்த ஆளின் படத்தை அச்சடித்து எல்லா வாசலிலும், என் கவுண்டர் கண்ணாடியிலும் ஒட்டினார்கள்: இவரை உள்ளே விடாதீர்கள். ஊழியர் கூட்டத்தில் மைக் அக்காவை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள்.

இரண்டொரு நாளில் அந்த மனிதர் பஸ் நிறுத்தத்தில் அக்காவுக்காகக் காத்திருந்தார். அக்கா கத்துவதற்கு வாயைத் திறந்தாராம். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு பஸ் வரும்வரை கேளுங்கள், பிறகு கத்துங்கள் என்றாராம். கிழக்கு கேலரியின் கூரையைப் பழுதுபார்க்க வந்த கம்பெனியில் அவர் இன்ஜினியர். கூரையைப் பார்க்கப் போனவர் கீழே தூண்கள் தளத்தைத் தாங்குகிற இடத்தில் விரிசல்களைப் பார்த்திருக்கிறார். மேலிடத்தில் சொன்னதற்கு, உன் வேலை கூரை, கூரையை மட்டும் பார் என்றார்களாம். அதனால்தான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெட்டி அதிர்வை அளக்கிறது. அக்கா குதிக்கச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அவர் அளந்திருக்கிறார்.

"கொஞ்ச பேர் குதிச்சாலே, அவங்க நின்னதுக்கு அப்புறமும் அது நிக்க மாட்டேங்குதும்மா. வரவர இன்னும் கூடுதல் நேரம் எடுத்துக்குது. கேலரி நிறைஞ்ச அன்னிக்கு என்ன ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியலை. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். கூட்டம் அது பாட்டுக்குக் குதிச்சா கவலை இல்லை. எல்லாரையும் ஒண்ணா குதிக்க வைக்குதே, அந்த டிரம். அதுதான் பயமா இருக்கு."

அந்த டிரம்மை அடிப்பது அக்காவின் மகள் என்று அவருக்குத் தெரியாது. அக்கா சொல்லவும் இல்லை. பஸ் வந்தது. அக்கா கத்தவில்லை.

மறுநாள் காலையில் என்னை மேல்தளத்துக்கு இழுத்துப்போய், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கூட்டம் வந்தது, குதித்தது, சிரித்தது, படியிறங்கிப் போனது. கம்பி மட்டும் என் உள்ளங்கைக்குள் முனகிக்கொண்டே இருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். அக்கா எடுக்கவில்லை. கீழே வந்ததும் என் கவுண்டர் மேசையைப் பார்த்தேன். கொஞ்ச நாளாகவே அதில் வெள்ளையாகத் தூள் படிந்துகொண்டிருந்தது. சரியாகத் துடைக்கவில்லை என்று துப்புரவு அம்மாவிடம் தினம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு விரலால் தொட்டுப் பார்த்தேன். சிமென்ட்.

அக்கா மேனேஜரிடம் போனார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார். நான் தூளைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போனேன். மேனேஜர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். அக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் பொறுமையாகத்தான் கேட்டார், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அவன் திருடன்னு எங்ககிட்ட வந்து சொன்னதே நீங்கதானே?"

"நான் சொன்னது தப்பு சார்."

"எது தப்பு? அன்னிக்குச் சொன்னதா, இன்னிக்குச் சொல்றதா?"

பையோடு திருட்டுத்தனமாக நுழைந்தவன் பேச்சை எவன் நம்புவான் என்றார் மேனேஜர். அந்த ஆளைக் கம்பெனியிலிருந்தே தூக்கியாயிற்று என்றும் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம் முடிந்து, இந்த சீசனும் முடியட்டும், நிதானமாக ஒருவரை அழைத்துவந்து பார்க்கலாம் என்றார். வெளியே வரும்போது, குதிக்கிற நிகழ்ச்சியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், ஜனங்கள் அதற்குத்தான் வருகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் மேசையில் இருந்த தண்ணீரை ஊற்றலாம் போல இருந்தது. அன்று மாலையிலிருந்து அக்கா யாரையும் குதிக்க வைக்கவில்லை. காசு கொடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

மகளிடம் சொல்வதுதான் மேனேஜரிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள். உயிர் முழுக்க அந்த டிரம்மில். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரசிகர் கூட்டத்தோடு சேர்ந்ததில் அம்மாவுக்கும் மகளுக்கும் நெடுநாளாகச் சரியான பேச்சுவார்த்தை இல்லை. ஒருமுறை கோபத்தில் அக்கா டிரம் குச்சிகளை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்து, அது பெரிய சண்டையாகி ஓய்ந்திருந்தது. இப்போது போய், ஞாயிற்றுக்கிழமை கேலரிக்குப் போகாதே, கட்டடம் சரியில்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்? அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாளாம், கை நிற்கவில்லையாம்.

"போன வருஷம் குச்சியை ஒளிச்சு வெச்சே. இப்போ கட்டடத்தையே ஒளிச்சு வைக்கப் பாக்கறியாம்மா?"

அக்கா இதை என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டார். பெற்ற மகள் நம்பவில்லை என்பதைவிட, அவள் நம்பாததற்குக் காரணம் தன்னிடமே இருக்கிறது என்பதுதான் அவரைத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை கேலரி நிரம்பி வழிந்தது. ஆட்ட நாட்களில் அக்காவுக்கு என் கவுண்டருக்கு எதிரே, படியடியில், வாக்கி-டாக்கியோடு நிற்கிற வேலை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மேலே டிரம் ஆரம்பித்தது. ஒரு அடி, ஒரு குதி. "ஆட்டம் காட்டு! ஆட்டம் காட்டு!" என்று மொத்தக் கூட்டமும் ஒரே குரலில். என் மேசைமேல் தூள் இறங்கியது. முதலில் கொஞ்சமாக, பிறகு சலித்த மாவைப் போல. தலைக்கு மேலே ஏதோ கட்டைக் குரலில் உறுமியது. அது கூட்டத்தின் சத்தம் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார். வாக்கி-டாக்கியை எடுத்தார்.

"கிழக்கு கேலரில ஆட்டம் ஜாஸ்தியா இருக்கு. உடனே நிறுத்தச் சொல்லுங்க."

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவரின் குரல் உற்சாகமாக வந்தது. "தெரியுது தெரியுது, நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பின்னி எடுக்கறாங்க."

"ஐயா, விளையாட்டைச் சொல்லலை. ஆட்டம். இங்க ஆட்டம்."

"ஆமாம்மா, ஆட்டம்தான். நீங்க சொன்னா நிறுத்திடுவாங்களா? லைனை விடுங்க, அவசரத்துக்கு வேணும்."

நடுக்கம் என்று சொல்லியிருக்கலாம். கட்டடம் இடியப்போகிறது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இப்போது நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும்போது எத்தனையோ சொற்கள் வருகின்றன. ஆனால் அத்தனை வருடமாக வருகிற கூட்டத்துக்கெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லியே பழகிய நாக்கு, அந்த நேரத்தில் வேறு எதையும் தேடிப் பிடிக்கவில்லை. அக்கா வாக்கி-டாக்கியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் படியேறி ஓடினார். நான் கவுண்டரைத் திறந்துபோட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

மேலே போனதும் என் காலடி எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. மகள் முன்வரிசையில் ஒரு மேடைமேல், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்று அடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை, அப்படி ஒரு சந்தோஷம். அக்கா கத்தினார். அந்தத் தொண்டை அங்கே எடுபடவில்லை. தோள்களை விலக்கிக்கொண்டு, மிதிபட்டு, புடவை தடுக்கி, எப்படியோ மேடையடிக்குப் போய்ச் சேர்ந்தார். குச்சியைப் பிடுங்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். மகளும் அப்படித்தான் நினைத்தாள் போலும், குச்சிகளை உயரத் தூக்கினாள். அக்கா குச்சியைத் தொடவே இல்லை. தன் இரண்டு கைகளையும் விரித்து டிரம்மின் தோல்மேல் வைத்தார். ஓங்கிய குச்சி தாளத்தை விடாமல் இறங்கியது. விரல்கள்மேல்.

டிரம் நின்றது. கூட்டம் தாளத்தைத் தவறவிட்டுக் கலைந்து குதித்து, பிறகு குதிப்பதையே விட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து எதிரணி கோல் போட்டுத் தொலைத்தது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. தண்ணீர் பாட்டில்கள் வந்தன, கெட்ட வார்த்தைகள் வந்தன, யாரோ அக்காவின் முடியைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு பக்கத்துக் கூட்டம் முழுக்க அவரை நோக்கிப் பாய்ந்தது. காவலர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அணி தோற்றது. கட்டடத்திலிருந்து ஒரு கல்கூட விழவில்லை.

விழவில்லை என்பதுதான் அக்கா செய்த குற்றம். மறுநாள் எல்லோருடைய போனிலும் அந்த வீடியோ ஓடியது. மகளின் மேல் பொறாமை பிடித்த பைத்தியக்கார அம்மா என்று அறியாதவர்களெல்லாம் தீர்ப்பு எழுதினார்கள். மேனேஜர் அக்காவை உள்ளே கூப்பிடக்கூட இல்லை. காவலரிடம் சொல்லியனுப்பி ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டார். என் கவுண்டருக்கு மேலே ஓர் ஆள் ஏணி போட்டு ஏறிப் பூசி, வெள்ளையடித்துவிட்டுப் போனான். புதிதாக ஒரு பெண்ணைச் சுற்றிக் காட்டும் வேலைக்குப் போட்டார்கள். அவள் மேல்தளத்துக்குப் போனதும் செய்கிற முதல் வேலை எல்லோரையும் குதிக்க வைப்பதுதான். தோற்றதால், லீக்கில் நீடிக்க அணிக்கு இன்னும் ஓர் ஆட்டம் கூடுதலாக விதிக்கப்பட்டிருந்தது. அதுவும் எங்கள் மைதானத்திலேயே. மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

மகள் வீட்டுக்கு வரவில்லை, தோழி வீட்டில் இருந்தாள். அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்திருந்தன. வேலை முடிந்ததும் நான் போய்த் தலை வாரிவிட்டு, சோறு பிசைந்து கொடுத்துவிட்டு வருவேன். ஊருக்கே கேட்கிற குரலில் பேசியவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஒருநாள் சாயங்காலம் நான் தலை வாரிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. மகள். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், பார்வையை எடுக்கவில்லை. அவள்தான் பேசினாள்.

"அம்மா, நான் நிறுத்தினதுக்கு அப்புறமும் அது நிக்கலைம்மா."

அக்கா திரும்பினார். சீப்பு என் கையிலேயே நின்றது.

"எல்லாரும் உன்னை அடிக்க ஓடினாங்க. நான் மட்டும்தான் அசையாம நின்னேன். காலுக்குக் கீழ ஆடிக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நேரம். நான் யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா நீ சொன்னது நிஜமாயிடும்னு சொல்லலை."

அக்கா இடது கையை நீட்டினார். மகள் வந்து அந்தக் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா என்னைப் பார்த்து, அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் விற்றுவிட்டதா என்று கேட்டார். விற்றுவிட்டது என்றேன். கிழக்கு கேலரிதான் முதலில் தீர்ந்தது. டிரம் அடிக்க வேறு ஒருவனைப் பிடித்துவிட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை, மகளே சொன்னாள்.

பிறகு அவள் எழுந்தாள். தன் கூட்டத்தில் பாதிப்பேர் வீடு தனக்குத் தெரியும், ஒவ்வொரு வீடாகப் போய் எச்சரிக்கலாம் என்றாள். அம்மாவுக்குச் செருப்பை எடுத்து வைத்தாள். மூன்று பேரும் கிளம்பினோம். முதல் வீடு அடுத்த தெருவில், மாடியில். கதவைத் திறந்தவன் மகளைப் பார்த்துச் சிரித்தான். பின்னால் நின்ற அக்காவைப் பார்த்ததும் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். உள்ளே டிவியின் சத்தம் கூடியது. மகள் மறுபடியும் தட்டினாள்.